அரைப் பேர்கூட விழாத கை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இதழில் கொழும்பு 7 வீட்டுத் தோட்டம் ஒன்றுக்கு முழுப் பக்கம் ஒதுக்கியிருந்தீர்கள். ஐந்து படங்கள், ஐந்திலும் வீட்டு அம்மையார் வேறு வேறு சேலையில். 'தன் கைகளால் உருவாக்கிய சொர்க்கம்' என்று தலைப்பு. மூன்றாவது படத்தின் இடது ஓரத்தைக் கவனித்தீர்களா? ஹோஸ் பைப்பைப் பிடித்தபடி ஒரு கை. நகக்கண்ணில் மண். மணிக்கட்டோடு வெட்டிவிட்டீர்கள். அந்தப் படத்தில் அம்மையார் இரண்டு கைகளையும் கட்டிக்கொண்டு நிற்கிறார். ஆக, இது மூன்றாவது கை.

அது யாருடையது என்று எனக்குத் தெரியாது. ஆனால் அப்படியொரு கை எங்கள் வீட்டில் உண்டு. என் அப்பா பிறந்த 1948இலேயே பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரோடு அவரையும் நாடற்றவராக்கியது. 1974இல் தேயிலைத் தோட்டங்களில் பஞ்சம் வந்தபோது ஹட்டன் பக்கத்து லயத்து வரிசை வீட்டிலிருந்து கொழும்புக்கு வந்தார். முப்பத்தொரு வருடம் அதே கொழும்பு 7, கறுவாத்தோட்டத்தில் ஒரே வீட்டில் தோட்ட வேலை. அந்தூரியச் சட்டிக்குப் பொச்சு மட்டையை எவ்வளவு சின்னதாக வெட்டுவது, செங்கல் துண்டு எவ்வளவு போடுவது என்று அந்த வீட்டில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். மலர்க் கண்காட்சிகளில் கிடைத்த கோப்பைகள் ஹோலில் வரிசையாக இருந்தன. சனிக்கிழமை தோறும் அவற்றுக்கு பிராசோ போட்டுத் துடைத்ததும் அப்பாதான். அந்த வீட்டாரைக் குறை சொல்லவில்லை. 83 கலவரத்தில் மூன்று இரவு எங்களை ஓர்கிட் கூட்டுக்குள் ஒளித்து வைத்துக் காப்பாற்றியவர்கள் அவர்கள். கோப்பையில் மட்டும் அப்பாவின் பெயர் இல்லை, அவ்வளவுதான்.

'ப்ரூனிங் அவருக்கு ஒரு தியானம்' என்று உங்கள் கட்டுரையாளர் உருகியிருக்கிறார். எங்கள் ஆட்கள் அதைக் கவ்வாத்து என்பார்கள். மழையிலும் அட்டைக் கடியிலும் செய்வார்கள். தியானம் என்று யாரும் சொல்லித் தரவில்லை.

கொழும்பில் தோட்டம் என்ற சொல்லுக்கு எத்தனை அர்த்தம் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. கறுவாத்தோட்டம் என்றால் தூதுவர் வீடு. கிராண்ட்பாஸ் பக்கம் வத்தை (சிங்களத்தில் அதுவும் தோட்டம்தான்) என்றால் ஒரு குழாய்க்கு நாற்பது வாளி. 'நீங்கள் தோட்டத்து ஆக்களா?' என்று வீட்டுக்காரர் கேட்டால் வாடகைக்கு அறை இல்லை என்று அர்த்தம். பள்ளிக்கூடத்தில் என்னைத் 'தோட்டக்காடு' என்று கூப்பிட்ட இரண்டு பேர் இப்போது மொட்டைமாடியில் கத்தரி வளர்த்து முகநூலில் படம் போடுகிறார்கள். நானும் லைக் போடுகிறேன்.

உங்களை மட்டும் சொல்லி என்ன. காலிமுகத் திடலில் கல் ஒன்று நிற்கிறது. நடைபாதையை 1856இல் தொடங்கியவர் சர் ஹென்றி வார்ட், முடிந்தது 1859இல், கொழும்புப் பெண்களினதும் பிள்ளைகளினதும் நலனுக்காகத் தனக்குப் பின் வருவோரிடம் பரிந்துரைக்கிறார் என்று அதில் வெட்டியிருக்கிறது. ஆளுநரே மண்வெட்டி பிடித்தாராக்கும். 1867இல் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை வைத்தவர் ஜேம்ஸ் டெய்லர் என்று பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தோம். அந்தக் காட்டை வெட்டியவர்களைப் பற்றி ஒரு கேள்வியும் பரீட்சைக்கு வரவில்லை. 2017இல் தேயிலைக்கு 150 வயது என்று நீங்கள் சிறப்பிதழ் போட்டபோது இதையே இரண்டு பக்கம் எழுதி அனுப்பினேன். நான்கு வரி போட்டீர்கள். 'சிறப்பிதழ் அருமை, நன்றி' என்ற பகுதியைத் தேடிப் பிடித்துப் போட்டிருந்தீர்கள்.

இப்போது நாங்கள் கொட்டாஞ்சேனையில் மூன்றாம் மாடி. பால்கனி இரண்டடி அகலம். பெயின்ட் வாளியில் கறிவேப்பிலை, ரம்பை, ஒரு செவ்வரத்தை. டெங்கு பரிசோதனைக்கு வந்த பிள்ளைகள் சட்டித் தட்டுகளைக் கவிழ்த்துக் காட்டச் சொன்னார்கள். தண்ணீர் நிற்காதிருக்க எல்லாத் தட்டிலும் அப்பா மணல் நிரப்பி வைத்திருந்தார். உங்கள் பக்கத்தை அவரிடம் காட்டினேன். கோபப்படுவார் என்றுதான் நினைத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "குரோட்டன் கலரைப் பாரு. நல்ல வெயில்ல வச்சிருக்கான். வேலை தெரிஞ்ச ஆளு" என்றார். அம்மையாரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

மலையில் பேர் என்றால் ஒரு நாள் சம்பளம். கொழுந்து நிறை குறைந்தால் அரைப் பேர் போடுவார்கள். அதற்குக் கணக்கப்பிள்ளையோடு சண்டை பிடித்த பாட்டியின் பேத்தி நான். உங்கள் பக்கத்தில் அந்தக் கைக்கு அரைப் பேர்கூட விழவில்லை.

நான் கேட்பது ஒரே ஒரு வரி. அடுத்த ஞாயிறு, அந்தத் தோட்டத்தைப் பராமரிப்பவர் இன்னார் என்று போடுங்கள். அவருக்குச் சம்மதம் என்றால் முகத்தோடு படமும். அம்மையாருக்கு முழுப் பெயர் ஞாபகம் இல்லாவிட்டால் காலை ஆறரைக்கு கேட்டடியில் நின்று அவரிடமே கேட்கலாம். தண்ணீர் விடும் நேரம், கட்டாயம் இருப்பார்.

இந்தக் கடிதத்தையும் நான்கு வரியாக்குவதென்றால் ஆக்குங்கள். அந்த நான்கில் 'நன்றி' மட்டும் வேண்டாம்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி,
கொழும்பு 13