பதிவேட்டுத் திருப்பணி நிறைவு அறிக்கை

மதிப்புக்குரிய உறுப்பினர்களுக்கு,

இங்கிலாந்தின் டார்செட் மாவட்டத்து நம் சிறிய சேகரத்தின் திருப்பணி முடிந்துவிட்டது. கல்லறைத் தோட்டத்து வடக்குச் சுவர் சுண்ணாம்புக் காரையில் கட்டி முடிந்தது. பழைய ஆவணப் பெட்டியின் மூன்று பூட்டுகளும் திறக்கின்றன. இவற்றைப் பற்றி யாரும் கேள்வி கேட்கவில்லை. கேட்டதெல்லாம், ஆலயத்தின் பழைய ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவேடுகளிலிருந்து ஒப்பந்தக்காரர் ஒருவர் தொகுத்துத் தந்த அட்டவணையைப் பற்றித்தான்.

முதலில், 1538 முதல் 1558 வரையிலான இருபது ஆண்டுகளைக் குழு தொலைத்துவிட்டது என்ற பேச்சு. ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் எழுதிவைக்க எட்டாம் ஹென்றி மன்னரின் அமைச்சர் தாமஸ் கிராம்வெல் உத்தரவிட்டது 1538இல். காகித ஏடுகளைத் தோல் ஏட்டில் படியெடுக்க 1598இல் ஆணை வந்தபோது, எலிசபெத் அரசி பட்டமேறிய 1558 முதல் எழுதினால் போதும் என்று பல ஊர்களில் எடுத்துக்கொண்டார்கள். நம் ஊரும் அவற்றில் ஒன்று. நானூறு ஆண்டுக்கு முந்தைய அந்தச் சோம்பலுக்கு இந்தக் குழு பொறுப்பேற்க முடியாது.

இனி ஒப்பந்தக்காரர் விவகாரம். அட்டவணை வந்த வாரமே மூத்த உறுப்பினர் ஒருவர் கண்கலங்க வந்தார். அவருடைய முன்னோர் திருமணம் 1702 மே மாதம். மூத்த பிள்ளைக்கு ஞானஸ்நானம் 1702 பிப்ரவரி. வேறொரு குடும்பத்தில் ஒருவரை 1720 ஜனவரியில் அடக்கம் செய்திருக்கிறார்கள். அதே ஆண்டு ஜூனில் அவர் தந்தையாகியிருக்கிறார். ஊரே சிரித்தது.

உண்மை இதுதான். 1752 வரை இங்கிலாந்தில் ஆண்டு பிறந்தது மார்ச் 25ஆம் தேதி. 1702 பிப்ரவரி என்று குரு எழுதியது அந்த மே மாதத்துக்கு ஒன்பது மாதம் கழித்து. நம் கணக்கில் அது 1703. ஒப்பந்தக்காரர் தேதிகளை அப்படியே கணினியில் ஏற்றி வரிசைப்படுத்திவிட்டார். இரட்டை ஆண்டாக, 1702/3 என்று எழுதித் தரக் கேட்டோம். "மூலத்தில் உள்ளபடி என்றுதானே ஒப்பந்தம்" என்றார். ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தால் அப்படித்தான் இருந்தது. எழுதியவன் நான், அந்தப் பிழை என்னுடையது.

ஆனால் உள்ளபடி எழுதியவர், லத்தீனில் 'ஜேக்கபஸ்' என்றிருந்ததை மட்டும் எல்லா இடத்திலும் 'ஜேக்கப்' என்று ஏன் மாற்றினார்? அந்தப் பெயர் அக்காலத்துப் பதிவில் பெரும்பாலும் ஜேம்ஸையே குறிக்கும். பின்னால் ஆங்கிலப் பதிவு வந்ததும் ஜேக்கப்புகள் மறைந்து ஜேம்ஸ்கள் முளைத்தார்கள்; ஒரே குடும்பம் இரண்டாகப் பிரிந்தது. இதைக் கேட்டதற்குப் பதில் வரவில்லை. கடைசித் தவணையை நிறுத்திவைத்தோம். அது கொடுமை என்பவர்கள், அந்த அட்டவணையில் தங்கள் பாட்டனாரைத் தேடிப் பார்த்திருக்கவில்லை.

மறுவேலையை நம் உறுப்பினர் இருவர் செய்தார்கள். டார்செஸ்டர் ஆவணக் காப்பகத்தில் ஒரு குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து, ஒவ்வொரு வரியையும் ஒப்பிட்டார்கள். செலவு மதிப்பீட்டைத் தாண்டியது இதனால்தான்.

1783இல் ஒவ்வொரு பதிவுக்கும் மூன்று பென்ஸ் வரி விதித்தார்கள், ஏழைகளுக்கு விலக்கு. அந்த வரி இருந்த பதினோரு ஆண்டுக்கும், விலக்குப் பெற்றவர் பெயருக்கு எதிரே இட்ட ஏழைக் குறி நம் ஏட்டில் நிறையவே இருக்கிறது. தம் குடும்பத்துக்கு எதிரே உள்ளதை நீக்கும்படி ஓர் உறுப்பினர் கடிதம் எழுதினார். நீக்கவில்லை, நீக்கவும் மாட்டோம்.

நன்கொடையாளர் பட்டியல் ஆலய வாயிலில் உள்ளது: பால்பண்ணை வீட்டுச் சகோதரர்கள், மணியடிப்போர், ஆலைச் சந்து ஓய்வுபெற்ற ஆசிரியை, முப்பாட்டனாரைத் தேடி ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து எங்களுக்கு முன் கல்லறைப் பாசியைச் சுரண்டத் தொடங்கிய குடும்பம் (சுரண்டக் கூடாது என்று மூன்று முறை சொன்னோம்), மதுக்கடை உண்டியல், ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள், பெயர் வேண்டாம் என்ற நால்வர், பெயர் ஏன் இல்லை என்று பிறகு கேட்ட அதே நால்வரில் ஒருவர். மே மாதத்து மணமகளின் வழிவந்த அந்த மூத்த உறுப்பினர் இரண்டாம் முறையும் கொடுத்தார்.

தேநீர்ச் செலவு பற்றிக் கேட்டவருக்கு: ரசீதுகள் அனைத்தும் இணைப்பில் உள்ளன. பிஸ்கட் என் சொந்தப் பணம்.

செயலாளர்