பாதையை முதலில் பார்க்கட்டும்

துவாக்குடி

அன்புள்ள சிவராமனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மாப்பிள்ளை ஓடிசி சரக்குகளை, அதாவது வழக்கமான அளவை மீறிய பெரிய சரக்குகளை, ஏற்றும் தொழிலில் இறங்குவதாகவும், அனுமதிக்கு யாரைப் பார்க்க வேண்டும் என்றும் எழுதியிருந்தாய். யாரையும் பார்ப்பதற்கு முன் அவர் பாதையைப் பார்க்கட்டும்.

வண்டியின் அகலம் 2.6 மீட்டரைத் தாண்டினாலே அது விதியின் வரம்பை மீறியதாகிவிடும். தேசிய நெடுஞ்சாலைக்கான விண்ணப்பத்தை மத்திய அமைச்சகத்தின் இணையதளத்திலேயே போட்டுவிடலாம் என்பதால், காகித வேலை நம் காலத்தைவிட எளிதாகிவிட்டது. எடையில்தான் ஆட்கள் சறுக்குகிறார்கள். மொத்த எடை என்பது சரக்கு, இழுக்கும் வண்டியான புல்லர், அது இழுக்கும் பல சக்கர ஹைட்ராலிக் டிரெய்லர், சரக்கைத் தாங்கும் சேடில் எல்லாம் சேர்ந்தது. நாம் ஒரு பாய்லர் டிரம்முக்கு விண்ணப்பித்தபோது சேடிலைக் கணக்கில் விட்டுவிட்டு, எடைமேடையில் மாட்டி, ஒன்பது நாள் சாலையோரம் கிடந்தது உனக்கு நினைவிருக்கும். அந்த டீக்கடைக்காரருக்கு மட்டும்தான் அதில் லாபம். இப்போதைய சட்டப்படி, கூடுதல் எடைக்கு 20,000 ரூபாயும், அதோடு கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம்.

பாலங்களைப் பற்றி அவரிடம் அழுத்திச் சொல். சாலை, பாலங்களுக்கான தரவிதிகளை வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸின் விதித்தொகுப்பில் 385 டன் சிறப்பு வண்டிக்கென்றே ஒரு சுமைக்கணக்கு உண்டு. ஆனால் அந்த வண்டி பாலத்தின் நடுவில், மணிக்கு 5 கிலோமீட்டருக்கு மிகாமல், வேறு வண்டி எதுவும் பாலத்தில் இல்லாதபோது, பிரேக் போடாமல் போக வேண்டும் என்ற நிபந்தனையின் பேரில்தான் அது பொருந்தும். இந்தச் சுமைக்கணக்கு வருவதற்கு முன்பு கட்டிய பழைய பாலங்களை இதை நம்பிக் கடக்கக் கூடாது. ஒவ்வொன்றையும் பொறியாளர் சரிபார்த்தாக வேண்டும்.

உயரத்துக்கு மின்கம்பிகளும் ரயில்வே கேட்டும் தடை. அவற்றுக்குத் தனித்தனியாக அனுமதி வாங்க வேண்டும். வந்தவாசி அருகே கொரக்கோட்டையிலிருந்து 240 சக்கர வண்டியில் 2018 டிசம்பரில் கிளம்பிய விஷ்ணு சிலை, பெங்களூரு ஈஜிபுராவை அடைந்தது 2019 ஜூனில். வழியில் கடைகளையும் வீடுகளையும் இடிக்க வேண்டியிருந்தது. நாசிக்கிலிருந்து திருவனந்தபுரம் விண்வெளி மையத்துக்குப் போன 70 டன் ஆட்டோகிளேவ் (உயர் அழுத்த வெப்பக் கலன்) ஓராண்டு எடுத்துக்கொண்டதில் ஊரடங்குக்கும் பங்குண்டு என்பது வேறு.

பாதை ஆய்வறிக்கை தயாரானதும், விண்ணப்பிக்கும் முன் எனக்கு ஒரு பிரதி அனுப்பச் சொல். கண் சற்று மங்கினாலும் பாலங்களின் வரிசையை நான் மறக்கவில்லை.

அன்புடன்,
ராமசாமி