இ.சி.ஜி. தாளின் கீழ் ஓரம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மருத்துவக் கருவிகளைப் பழுதுபார்க்கும் பணியிலிருந்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில், இ.சி.ஜி. எடுக்கும் இடங்களில் நான் காணும் ஒரு பழக்கத்தைத் தங்கள் நாளிதழ் வாயிலாகச் சுட்டிக்காட்ட விரும்புகிறேன். கோடு சற்று நடுங்கினாலும் உடனே ஃபில்டர் (வடிகட்டி) பொத்தானை அழுத்தித் தாளை அழகாக்கிவிடுகிறார்கள். நடுக்கம் எங்கிருந்து வந்தது என்று யாரும் பார்ப்பதில்லை.

தோலின் மேல் கிடைக்கும் இதயத்தின் மின்னழுத்தம் ஏறக்குறைய 1 மில்லிவோல்ட்தான். அதே உடலில், அறையின் மின்வயர்களிலிருந்து 50 ஹெர்ட்ஸ் (வினாடிக்கு 50 அலை) இரைச்சல் அதைவிடப் பன்மடங்கு பெரிதாக ஏறி நிற்கும். கருவியின் முதல் கட்டத்திலுள்ள பெருக்கி (ஆம்ப்ளிஃபையர்), தோலில் ஒட்டும் இரண்டு எலக்ட்ரோடுகளுக்கு (மின்முனைகளுக்கு) இடையிலான வேறுபாட்டை மட்டும் பெருக்கி, இரண்டிலும் ஒன்றுபோல் வரும் இரைச்சலைக் கழித்துவிடுகிறது. நல்ல பெருக்கியில் இத்திறன் 100 டெசிபெல். அதாவது, வேறுபாட்டுக்குக் கிடைக்கும் பெருக்கத்தில் லட்சத்தில் ஒரு பங்கே பொது இரைச்சலுக்குக் கிடைக்கும். வலது காலில் மாட்டும் கறுப்பு வயரும் இதயத்தை அளப்பதற்கல்ல, இரைச்சலைத் தலைகீழாக்கி உடலுக்கே திருப்பி அனுப்பி அடக்குவதற்குத்தான். ஆனால் ஓர் எலக்ட்ரோடு நன்றாக ஒட்டியிருக்க, மற்றொன்றின் அடியில் ஜெல் காய்ந்து போயிருந்தால், இரைச்சல் இரண்டிலும் ஒரே அளவாக வராது. எஞ்சும் வித்தியாசத்தையும் அந்த ஆம்ப்ளிஃபையர் இதயத்தின் சமிக்ஞையோடு சேர்த்தே பெரிதாக்கிவிடும்.

இங்கேதான் வடிகட்டியை நாடுகிறார்கள். ஐ.சி.யூ. மானிட்டர் பொதுவாக 0.5 ஹெர்ட்ஸுக்குக் கீழும் 40 ஹெர்ட்ஸுக்கு மேலும் உள்ளவற்றை வெட்டுகிறது. துடிப்பின் ஒழுங்கைக் கண்காணிக்க அது போதும். மாரடைப்பா என்று பார்க்க எடுக்கும் இ.சி.ஜி.க்கு 0.05 முதல் 150 ஹெர்ட்ஸ் வரை வேண்டும். சாதாரண 0.5 ஹெர்ட்ஸ் வடிகட்டி, மாரடைப்பைக் கண்டறியப் பார்க்கும் எஸ்.டி. பகுதியை (ஒவ்வொரு துடிப்பிலும் உயரமான அலைக்கு அடுத்து வரும் கோட்டை) உள்ளதைவிட ஏற்றியோ இறக்கியோ காட்டக்கூடும் (புதிய டிஜிட்டல் கருவிகள் சிலவற்றில் இந்தக் கோணல் வராத வடிகட்டி உண்டு). தசை நடுக்கத்துக்கான 35 ஹெர்ட்ஸ் வடிகட்டியோ கியூ.ஆர்.எஸ். எனப்படும் அந்த உயரமான அலையின் உயரத்தையே குறைக்கும். தாளில் 1 மில்லிமீட்டர் ஏற்றத்தை வைத்துச் சிகிச்சையை முடிவுசெய்யும் இடத்தில் இது சின்ன விஷயமல்ல.

கடலூரில் கடலை ஒட்டிய ஒரு மருத்துவமனையில், ஓயாமல் நடுங்கிய கருவியைப் பார்க்கப் போனபோது, கருவியில் கோளாறே இல்லை. இரைச்சலை மண்ணில் இறக்க வேண்டிய எர்த் குழியின் மூடியைத் திறந்தால், உப்புக் காற்றில் இற்றுப்போன ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) பட்டை தொட்டவுடன் செதில் செதிலாக உதிர்ந்தது. அதுவரை அங்கே எல்லா நோயாளிக்கும் ஃபில்டர் போட்டுத்தான் இ.சி.ஜி. எடுத்திருக்கிறார்கள்.

எந்த வடிகட்டி போட்டிருந்தது என்பதைப் பெரும்பாலான கருவிகள் தாளின் கீழ் ஓரத்தில், 25 மி.மீ./வினாடி (தாளின் வேகம்), 10 மி.மீ./மில்லிவோல்ட் (அலையின் உயர அளவு) என்பவற்றுக்குப் பக்கத்திலேயே அச்சிடுகின்றன. புதுச்சேரியிலுள்ள பெரிய மருத்துவருக்கு வாட்ஸ்அப்பில் படமெடுத்து அனுப்பும்போது வெட்டுப்படுவதும் அந்த ஓரம்தான். முழுத் தாளையும் அனுப்புமாறு ஊழியர்களுக்கு அறிவுறுத்தவும், கடலோர மருத்துவமனைகளின் எர்த் குழிகளை ஆண்டுதோறும் மழைக்காலத்துக்கு முன்பே, மண் காய்ந்திருக்கும்போது அளந்து பார்க்கவும் சுகாதாரத் துறை உத்தரவிட வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருத்துவக் கருவிப் பராமரிப்பாளர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.