எங்கள் பாசஞ்சரை ஓரங்கட்டும் ரயில்வே அதிகாரிகளுக்கு

ஐயா, வணக்கம்.

காட்பாடி வழியாக வந்தே பாரத் ஓடுவதில் எங்களுக்கு எந்த வருத்தமும் கிடையாது. 2022 நவம்பரில் சென்னை–மைசூரு வண்டியைத் தொடங்கிக் காட்பாடிக்கும் நிறுத்தம் கொடுத்தபோது இந்த ஊர்க்காரர்களுக்குப் பெருமைதான். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வருகிறவர்களுக்கும் வசதி. ஓடட்டும். அதற்காக எங்கள் மாலைப் பாசஞ்சரை ஓரங்கட்டாதீர்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

போன வாரமும் முகுந்தராயபுரத்தில் வண்டியை லூப் லைனில், அதாவது வேறு வண்டிக்கு வழிவிட ஒதுங்கி நிற்கும் பக்கத் தண்டவாளத்தில், போட்டுவிட்டீர்கள். பெட்டியில் பாதிப் பேர் ராணிப்பேட்டை ஷூ கம்பெனிகளில் வேலை முடித்து வாலாஜா ரோடில் ஏறிய பெண்கள். பகலெல்லாம் நின்று வேலை செய்தவர்கள், டிபன் பையோடு கதவோரம் மறுபடி நிற்கிறார்கள். வேக வண்டி சர்ரென்று போனது. சரி, இனி எடுத்துவிடுவார்கள் என்று பார்த்தால் பின்னாலேயே இன்னொரு எக்ஸ்பிரஸ். அறிவிப்பு ஒன்றும் இல்லை, கொசுக்கடிக்கு மட்டும் குறைவில்லை.

லத்தேரியில் இறங்கும்போது டவுன் பஸ் போய்விட்டிருந்தது. பெண்களுக்கு அதில் கட்டணமே கிடையாது. ஆட்டோக்காரரோ ஆள் சேராமல் எடுக்க மாட்டேன் என்கிறார். என்னோடு இறங்கிய அக்கா சுருக்குப் பையைத் திறந்து பார்த்துவிட்டு, பேசாமல் நடக்க ஆரம்பித்துவிட்டார். இருட்டில், ஏரிக்கரை வழியாக.

உங்கள் கணக்கில் இதெல்லாம் தாமதமே இல்லை என்பதும் தெரியும். கடைசி ஸ்டேஷனான ஜோலார்பேட்டைக்கு முன்னால் தாராளமாக நிமிடங்களைச் சேர்த்து வைத்திருக்கிறீர்கள். ஜோலார்பேட்டையில் வண்டி சரியான நேரத்துக்கு வந்ததாக எழுதிக்கொள்ளலாம். லத்தேரிக்காரர்கள் ஜோலார்பேட்டை போய்த் திரும்பி வந்தால் அவர்களும் சரியான நேரத்துக்கு வந்தவர்கள் ஆகிவிடுவார்கள் போல!

தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856-ல் ராயபுரத்திலிருந்து எங்கள் வாலாஜா ரோடுக்குத்தான் வந்தது. இப்போது அதே பாதையை 130 கிலோமீட்டர் வேகத்துக்குச் சரிசெய்திருக்கிறீர்கள். சென்னை–பெங்களூரு–மைசூரு புல்லட் ரயில் என்றும் பேச்சு அடிபடுகிறது. வரட்டும், அதற்கும் ஒரு லூப் லைனில் நின்று வழிவிடுவோம், பழகிவிட்டது. எங்கள் சீசன் டிக்கெட்டுக்கு வந்தே பாரத்தில் ஏற முடியாது. அதில் இடம் கேட்கவும் இல்லை.

கோபத்தில் ஏதாவது கூடுதலாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது இதுதான்: மாலைப் பாசஞ்சரை வேக வண்டிக்கு முன்னால் காட்பாடி தாண்டும்படி சற்று முன்கூட்டியே விடுங்கள். அது ஆகாதென்றால், வழியில் நிறுத்தாமல் வாலாஜா ரோடிலேயே வைத்திருங்கள். அங்கே பஸ்ஸாவது பிடித்துக்கொள்வோம். எவ்வளவு நேரம் நிற்கும் என்று ஒரு வார்த்தை மைக்கில் சொல்லச் சொல்லுங்கள். அடுத்த கால அட்டவணை போடும்போது தயவுசெய்து இதைக் கவனிக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
சீசன் டிக்கெட் பயணி,
லத்தேரி, வேலூர் மாவட்டம்.