ஊர் சுற்றப் போகிறவளுக்கு

அன்புள்ள வசந்தா,

உன் கடிதம் கிடைத்தது. ரோமும் ஏதென்ஸும் பார்க்கப் போகிறீர்கள் என்று படித்ததும் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். வரலாற்றுப் புத்தகத்தில் இருந்த அந்தத் தூண்களின் படத்தை நோட்டின் பின்பக்கத்தில் வரைந்துகொண்டே இருப்பாய். இப்போது அதன் முன்னாலேயே போய் நிற்கப் போகிறாய். அத்தையையும் கூட்டிப் போகிறீர்கள் என்பது அதைவிட நல்ல செய்தி. அவருக்கும் எவ்வளவு நாள் ஆசையோ!

இங்கே எல்லோரும் சுகம். அக்காவுக்குக் கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது கண்ணாடி இல்லாமலே பேப்பர் படிக்கிறாள். பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாள். ஷூ வாங்கட்டுமா என்று மகள் கேட்டாள். வீட்டுக்குள் வெறுங்காலே நல்லது, வெளியே போகும்போது மட்டும் நன்றாக வளைகிற மெல்லிய ஒன்று போதும் என்று சொல்லியிருக்கிறேன்.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். "என்ன செருப்பு போட்டுக்கொண்டு போகலாம்?" என்று ஒரே வரியில் கேட்டுவிட்டாய். காலணித் தொழிற்சாலையில் அளவு பார்க்கும் பிரிவிலேயே வேலைக்காலம் முழுக்க இருந்தவள் நான். ஒரு வரியில் பதில் சொல்ல மனசு வரவில்லை. உட்கார்ந்து படி.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள். ஊர் சுற்றிப் பார்ப்பது வேறு, வாக்கிங் போவது வேறு. வாக்கிங்கில் ஒரே சீராக நடந்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவோம். சுற்றுலாவில் பாதி நேரம் நிற்கிறோம். டிக்கெட் வரிசையில் நிற்கிறோம், கைடு பேசி முடிக்கும்வரை நிற்கிறோம், ஒரு ஓவியத்தின் முன்னால் நின்றுவிட்டு நாலடி நகர்ந்து அடுத்ததன் முன்னால் நிற்கிறோம். நடக்கும்போது கெண்டைக்கால் தசை சுருங்கிச் சுருங்கி ரத்தத்தை மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். அசையாமல் நிற்கும்போது அந்த வேலை நடக்காது. ரத்தமும் நீரும் கீழேயே தங்கிப் பாதம் வீங்கும். உடம்பின் பாரமும் ஒரே இடத்தில் இறங்கும். மியூசியத்துக்குப் போய்விட்டு வந்தால் மலை ஏறியதைவிட அசதியாக இருக்கிறது என்று பலர் சொல்வது இதனால்தான். அதனால் ஷூவை நடக்க மட்டும் பார்த்து வாங்காதே, நிற்கவும் பார்த்து வாங்கு.

கடையில் ஆளை மயக்குவது மெத்தைபோல அமுங்கும் சோல். போட்டு இரண்டு நிமிஷம் நடந்தால் சொர்க்கமாக இருக்கும். ஆனால் மணிக்கணக்காக நிற்கும்போது, அமுங்குகிற அந்தச் சோலின் மேல் உடம்பு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் லேசாகச் சாயும். அதைச் சரிசெய்ய கணுக்கால் தசைகள் ஓயாமல் வேலை செய்யும். உனக்கு வேண்டியது கொஞ்சம் மெத்தென்று, ஆனால் உறுதியாக, அடிப்பாகம் அகலமாக இருக்கும் ஷூ. கட்டைவிரலால் சோலின் பக்கவாட்டில் அழுத்திப் பார். விரல் லேசாகப் பதிந்து உடனே திரும்பி வர வேண்டும். அப்புறம் ஷூவின் நுனியையும் குதிகாலையும் பிடித்து வளைத்துப் பார். கால்விரல்கள் தொடங்கும் இடத்தில் அது வளைய வேண்டும். நடுப்பாதத்தில் மடிந்தால் அங்கே உன் காலுக்குத் தாங்கல் இல்லை என்று அர்த்தம், திருப்பிக் கொடுத்துவிடு. ஈரத்துணியைப் பிழிவதுபோல் முறுக்கியும் பார், சுலபமாக முறுக்கிக்கொண்டால் அதுவும் வேண்டாம். குதிகாலைச் சுற்றியிருக்கும் பின்சுவரை இரண்டு விரலால் அமுக்கினால் அது நசுங்கக் கூடாது.

அளவைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்ல வேண்டும். காலணி வாங்கச் சாயங்காலம் போ. நாள் முழுக்க நடந்து நின்று வீங்கிய கால்தான் அந்தப் பயணத்தில் உன்னோடு இருக்கப் போகிற கால். இரண்டு பாதத்தையும் நின்றபடி அளக்கச் சொல். பெரும்பாலானவர்களுக்கு ஒரு பாதம் இன்னொன்றைவிடக் கொஞ்சம் பெரிது, பெரிய பாதத்துக்குத்தான் வாங்க வேண்டும். போட்டு நின்றால் நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும். அந்த இடம் இல்லாவிட்டால் படி இறங்கும்போது நகம் போய் இடிக்கும், நகத்துக்கு அடியில் ரத்தம் கட்டிக் கறுத்துவிடும். "நான் எப்போதும் 38தான்" என்று சொல்லாதே. ஐரோப்பிய அளவில் ஒரு நம்பருக்கும் அடுத்ததற்கும் 6.67 மில்லிமீட்டர் வித்தியாசம், பிரிட்டிஷ் அளவில் ஏறக்குறைய 8.5 மில்லிமீட்டர். அதனால் ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போதே எப்போதும் கொஞ்சம் இடறும். அதோடு ஒவ்வொரு கம்பெனியும் ஷூவைத் தைக்கிற அச்சு வேறு. ஒரே நம்பர் ஒன்றில் இறுக்கும், ஒன்றில் தொளதொளக்கும்.

எல்லாவற்றையும்விட நான் நம்புகிற சோதனை ஒன்று இருக்கிறது. ஷூவுக்குள் பாதத்துக்கு அடியில் இருக்கும் இன்சோலை வெளியே எடுத்துத் தரையில் வை. அதன் மேல் வெறுங்காலோடு ஏறி நின்று குனிந்து பார். சுண்டுவிரல் பக்கம் சதை இன்சோலின் ஓரத்தைத் தாண்டி வெளியே வழிந்தால், அந்த ஷூ உனக்கு அகலம் பற்றாது. நீளம் எவ்வளவு சரியாக இருந்தாலும் அது கடிக்கும். கடைக்காரர் "போடப் போட விரிந்துகொடுக்கும்" என்பார். தோல் கொஞ்சம் கொடுக்கும்தான், ஆனால் உன் சுண்டுவிரலை நசுக்கித்தான் கொடுக்கும். உனக்கு முன்பாதம் அகலம் என்பது எனக்கு நினைவிருக்கிறது, அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

நீங்கள் போகிற ஊர்களின் தரையையும் யோசி. ரோமின் பழைய தெருக்களில் கறுப்பு எரிமலைக் கல்லைச் சின்னச் சின்னதாக வெட்டிப் பதித்திருக்கிறார்கள். இடுக்குகளில் குதி மாட்டும், மெல்லிய சோலாக இருந்தால் ஒவ்வொரு கல்லும் பாதத்தில் உறுத்தும், மழை பெய்தால் வழுக்கும். ஏதென்ஸில் அக்ரோபோலிஸ் குன்றின் மேல் இருப்பது பளிங்கும் பாறையும். எத்தனையோ கோடிக் கால்கள் தேய்த்துத் தேய்த்து அது வெயில் நாளிலேயே வழுக்குகிற அளவுக்கு மழமழவென்று ஆகிவிட்டது. குதிகால் உயர்ந்த செருப்பு அந்தக் கல்லையும் சேதப்படுத்துகிறது என்று கிரீஸில் 2009-லேயே இந்த மாதிரி பழைய நினைவுச் சின்னங்களில் அதற்குத் தடை போட்டுவிட்டார்கள். கிரேக்கர்கள் தங்கள் கல்லைக் காப்பாற்ற எடுத்த முடிவு உன் கணுக்காலையும் காப்பாற்றும். ஆகவே சோல் ரப்பராக, பள்ளங்களோடு இருக்கட்டும். வழவழப்பான கெட்டி பிளாஸ்டிக் சோல் வேண்டவே வேண்டாம். உன் வீட்டுக்காரர் ஆபீசுக்குப் போடும் தோல் சோல் ஷூவும் இதே கணக்குதான், அவரிடமும் சொல்லிவிடு.

வெயிலுக்குச் சாண்டல் போடலாமா என்றால் தாராளமாகப் போடலாம், குதிகாலுக்குப் பின்னால் ஸ்டிராப் இருந்தால். விரலிடுக்கில் மாட்டும் சாதாரணச் செருப்பு நாள் முழுக்கச் சுற்ற ஆகாது. அது கழன்று விழாமல் இருக்க விரல்கள் ஒவ்வொரு அடிக்கும் இறுக்கிப் பிடித்துக்கொண்டே இருக்கும், மாலைக்குள் அடிப்பாதம் வலிக்கும். அதை ரூமுக்கும் பாத்ரூமுக்கும் எடுத்துப் போ. காலையில் எழுந்ததும் முதல் அடி வைக்கும்போது குதிகால் வலிக்கிறது என்று போன தடவை எழுதியிருந்தாயே, அது இன்னும் இருந்தால் முழுத் தட்டையான செருப்பைத் தவிர்த்துவிடு. குதிகால் பக்கம் கொஞ்சம் உயர்ந்து, நடுப்பாதத்தைத் தாங்குகிற மாதிரி பார்.

வாங்கியதை அப்படியே பெட்டியில் வைத்துக்கொண்டு போய் அங்கே பிரிக்காதே. இப்போதிருந்தே வீட்டுக்குள் போடு, அப்புறம் கடைத்தெருவுக்குப் போடு, கடைசியில் அரை நாள் போட்டுச் சுற்று. பயணத்தில் போடப் போகும் அதே சாக்ஸோடு போடு. அலமாரியில் பல வருஷமாகப் பத்திரமாக வைத்திருக்கும் நல்ல ஷூவையும் நம்பாதே. நிறைய ஷூக்களின் சோலில் இருக்கும் பாலியூரித்தேன் என்ற நுரை மாதிரியான பிளாஸ்டிக், காற்றில் உள்ள ஈரத்தாலேயே உள்ளுக்குள் சிதைந்துகொண்டு வரும். பார்க்கப் புதிதாக இருக்கும், நடுத்தெருவில் பொடிப்பொடியாக உதிரும். போடாமல் வைத்திருந்தால் நீடிக்கும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள், இந்த வகைக்கு அது உதவாது. எடுத்து வளைத்துப் பார், சோலில் கீறல் தெரிந்தால் விட்டுவிடு.

செருப்புக்கடி பற்றியும் சொல்லிவிடுகிறேன். மேலே உரசி உரசித் தோல் போய்விடுகிறது என்று நினைக்கிறோம். நடப்பது வேறு. வியர்த்த தோல் சாக்ஸோடு ஒட்டி நின்றுவிடும், உள்ளே எலும்பு மட்டும் முன்னும் பின்னும் நகரும். நடுவில் இருக்கும் தோல் அடுக்குகள் இழுபட்டுப் பிரிந்து, அந்த இடைவெளியில் நீர் கோத்துக்கொள்ளும். அதனால் கால் ஈரமில்லாமல் இருப்பதுதான் பாதி வைத்தியம். பருத்திச் சாக்ஸ் வியர்வையைக் குடித்துவிட்டு அப்படியே வைத்துக்கொள்ளும், அதைவிட மெல்லிய கம்பளி அல்லது செயற்கை இழைச் சாக்ஸ் நல்லது. உனக்கு வழக்கமாகக் கடிக்கும் இடத்தில் காலையிலேயே மருந்துக்கடையில் கிடைக்கும் பேப்பர் டேப்பை ஒட்டிக்கொள். பல நாள் ஓடும் நீண்டதூர ஓட்டக்காரர்களிடம் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக டாக்டர்கள் இதைச் சோதித்து 2016-ல் வெளியிட்டார்கள், கொப்புளம் ஏறக்குறைய 40 சதவீதம் குறைந்திருந்தது. ஓரிடத்தில் சூடாக எரிகிற மாதிரி தோன்றினால் "ஹோட்டலுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்று இருக்காதே. அந்த இடத்திலேயே உட்கார்ந்து கழற்றிப் பார். கொப்புளம் வந்துவிட்டால் மேல்தோலை உரிக்காதே.

அத்தை விஷயத்தில் மட்டும் எனக்குக் கவலை உண்டு. அவருக்குச் சர்க்கரை இருக்கிறது. பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் ஷூ கடிப்பதோ உள்ளே கல் இருப்பதோ தெரியாது, சின்னப் புண் பெரிதாகிவிடும். கிளம்பும் முன் டாக்டரிடம் பாதத்தைக் காட்டிவிடுங்கள். முன்பக்கம் மூடிய, உள்ளே தையல் உறுத்தாத, வெல்க்ரோ வைத்த ஷூவாக இருக்கட்டும். கால் வீங்க வீங்க அவரே தளர்த்திக்கொள்ளலாம். போடும் முன் ஷூவைத் தலைகீழாகத் தட்டிவிட்டு உள்ளே கைவிட்டுத் தடவிப் பார்க்க வேண்டும். ராத்திரி படுக்கும் முன் நீயே அவர் பாதத்தை, விரலிடுக்கு உட்பட, வெளிச்சத்தில் பார். வெயிலில் காய்ந்த கல்லில் வெறுங்காலோடு ஒரு நிமிஷம்கூட நிற்க விடாதே.

ஆளுக்கு இரண்டு ஜோடி போதும், மாற்றி மாற்றிப் போடுங்கள். கனமானதைப் போட்டுக்கொண்டே விமானத்தில் ஏறு, உட்கார்ந்ததும் லேஸைத் தளர்த்திவிடு. நனைந்துவிட்டால் உள்ளே செய்தித்தாளைத் திணித்து வை, ஹீட்டர் பக்கத்தில் வைத்தால் பசை விட்டுப் போகும். படி இறங்கும்போது கால் முன்னால் சறுக்கினால், ஷூவின் மேல் ஓரத்தில் யாரும் பயன்படுத்தாத அந்தக் கடைசி ஓட்டையைப் பயன்படுத்து. லேஸை அதே பக்கத்து ஓட்டைக்குள் விட்டுச் சின்ன வளையமாக்கு, இரு பக்கமும். அப்புறம் ஒவ்வொரு நுனியையும் எதிர்ப்பக்கத்து வளையத்துக்குள் விட்டு இழுத்துக் கட்டினால் குதிகால் இடத்தை விட்டு நகராது.

என்றைக்குக் கிளம்புகிறீர்கள் என்று நீ எழுதவே இல்லை. தேதியை எழுது. கூடவே ஒரு சாயங்காலம் உன் பாதத்தையும் அத்தையின் பாதத்தையும் தாளில் நின்றபடி வைத்து, பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்துச் சுற்றி வரைந்து அனுப்பு. எந்த அகலம் பார்க்க வேண்டும் என்று குறித்துத் திருப்பி அனுப்புகிறேன்.

அன்புடன்,
கல்பனா