கூரைமேல் ஏறிய என் கொள்கை

அன்புள்ள கோவிந்து,

உன் கடிதம் வந்து ஐந்து மாதம் ஆகிறது. முதுகுவலி, வேலை என்று ஏதாவது சொல்லலாம். நீ நம்ப மாட்டாய். உண்மைக் காரணம் வெட்கம். எங்கள் வீட்டுக் கூரையில் சோலார் தகடுகள் ஏறிவிட்டன. கார் ஷெட் சுவரில் பீரோ மாதிரி ஒரு பேட்டரி. சிரித்து முடித்துவிட்டு மேலே படி.

பேட்டரி விலையில் ஏறக்குறைய 30 சதவீதத்தை 2025 ஜூலையிலிருந்து இந்த ஆஸ்திரேலியாவின் மத்திய அரசு தள்ளுபடி தருகிறது. அதாவது நான் ஒருநாளும் ஓட்டுப் போடாத லேபர் கட்சி அரசு. வாடகை பிளாட்டில் சொந்தக் கூரை இல்லாதவன் கட்டும் வரியும் அதில் சேர்த்திதான். இந்த மாதிரி மானியங்களை வருடக்கணக்கில் திட்டித் தீர்த்தவன் கடைசியில் வரிசையில் நின்று வாங்கிக்கொண்டேன். மீனாட்சி என்னிடம் வாதாடவே இல்லை. கரண்ட் பில்லை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்தாள், அவ்வளவுதான். வீட்டுக்கு வீடு வருடம் 275 டாலர் குறையும் என்று 2022 தேர்தலில் இவர்கள் சொன்ன பில் அது. சொன்ன கெடுவும் 2025தான். குறையாத பில்லுக்குப் பயந்து அவர்களுடைய பேட்டரியையே வாங்கியிருக்கிறேன். இதில் ஜெயித்தது யார் என்று கணக்கு போட்டுப் பார்த்தும் விடை வரவில்லை.

போன மாதம் இங்கே விக்டோரியா மாநிலத்தில் மோர்வெல் என்ற ஊர் வழியாகப் போனேன். ஹேசல்வுட் அனல்மின் நிலையத்தின் எட்டுப் புகைபோக்கிகளும் இருந்த இடத்தில் இப்போது வெறும் வானம். நெய்வேலியில் நாம் மிதித்து வளர்ந்த அதே பழுப்பு நிலக்கரிதான் அங்கேயும். கையில் எடுத்தால் ஈரம் ஒட்டும். 1,600 மெகாவாட். விக்டோரியா மாநில மின்சாரத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல். மூடப்போகிறோம் என்று 2016 நவம்பரில் அறிவித்தார்கள். 2017 மார்ச் கடைசியில் மூடிவிட்டார்கள். ஐந்தே மாதம்! உன் பெண் கல்யாணத்துக்கு மண்டபம் பிடிக்கவே நீ ஒரு வருடம் அலைந்தாய். மின்சாரத்தின் மொத்த விற்பனை விலை எகிறியது. 2020 மே மாதம் புகைபோக்கிகளையும் வெடிவைத்துச் சாய்த்தார்கள்.

அது கிழடுதான், அழுக்குதான். 1964இல் ஓடத் தொடங்கியது. 2014இல் அதன் சுரங்கம் தீப்பிடித்து 45 நாள் எரிந்தது, ஊரே புகையில் மூச்சுமுட்டியது. மூடியதே தவறு என்று நான் சொல்லவில்லை. நம் ஊரில் ரஷ்யர்கள் உதவியோடு 1962இல் ஓடத் தொடங்கிய முதல் நிலையத்தை 2020இல்தான் நிறுத்தினார்கள். அதற்குள் புதிய நிலையத்தின் முதல் யூனிட் ஓட ஆரம்பித்திருந்தது. மாற்று ஓடட்டும், பிறகு பழையதை நிறுத்து. நான் கேட்பது இந்த வரிசையைத்தான். இதைச் சொன்னால் இங்கே என் மகனே என்னைக் கற்காலத்து மனிதனாகப் பார்க்கிறான்.

பூமி சூடாகிறதா என்று நீயும் என்னைக் கிண்டாதே. 2009 பிப்ரவரி 7 அன்று மெல்பர்னில் 46.4 டிகிரி. அன்றைய காட்டுத்தீயில் 173 பேர் செத்தார்கள். சாயங்காலம் வானம் இருந்த நிறத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

ஆனால் என் லிபரல் கட்சிக்காரர்களை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. எதிர்க்கட்சித் தலைவராக இருந்த டர்ன்புல்லை 2009இல் ஒரே ஒரு ஓட்டில் இறக்கினார்கள், பிரதமராகிவிட்ட அவரையே 2018இல் மறுபடியும் இறக்கினார்கள். இரண்டு தடவையும் சண்டை கார்பன் விவகாரத்தில்தான். இடையில் 2017இல் அப்போதைய நிதியமைச்சர் மோரிசன் நாடாளுமன்றத்துக்குள் ஒரு நிலக்கரிக் கட்டியைக் கொண்டுவந்து, சாமிக்குத் தீபாராதனை காட்டுவதுபோல் காட்டினார். பிறகு திடீரென்று அணுமின்சாரம். ஏழு இடத்தில் அணு உலை கட்டுவோம் என்றார்கள், அதில் ஒன்று இங்கே எங்கள் மாநிலத்து லோய் யாங். எனக்கு அணுமின்சாரம் பிடிக்கும், உனக்குத் தெரியும். ஆனால் அதற்கு 1998இல் சட்டத் தடை வந்ததே பிரதமர் ஹோவர்ட் ஆட்சியில்தான், நம் ஆள்தான்! 2013 முதல் 2022 வரை ஒன்பது வருடம் நாற்காலியில் இருந்தபோது அந்தத் தடையை நீக்கினார்களா? எதிர்க்கட்சி ஆன பிறகுதான் ஞானம் பிறந்தது. 2025 மே தேர்தலில் மக்கள் தீர்த்துவிட்டார்கள், தலைவர் டட்டனே தன் தொகுதியைத் தோற்றார். அதே வருடம் நவம்பரில், 2050க்குள் கார்பன் நிகர உமிழ்வைப் பூஜ்யமாக்கும் இலக்கையும் கட்சி கைவிட்டது. சரி, கைவிடு. பதிலுக்கு எதை, எந்த வருடத்தில் கட்டப்போகிறாய்? இங்கேயுள்ள யலோர்ன் நிலக்கரி மின்நிலையம் 2028இல் மூடுகிறது. 1,480 மெகாவாட், கோவிந்து!

உன் முழங்கால் எப்படி இருக்கிறது? படி ஏறாதே என்று டாக்டர் சொல்லியும் மொட்டைமாடியில் வடாம் காவல் காக்கிறாயாம், தகவல் வந்தது. பேரனுக்குப் பெயர் வைத்துவிட்டீர்களா?

பொங்கல் முடிந்து ஏகாம்பரம் இங்கே வருகிறானாம், இரண்டு வாரம். கூரை தெருவைப் பார்த்தபடி இருக்கிறது, மறைக்க வழியில்லை. மீனாட்சி வற்புறுத்தினாள் என்று அவனிடம் நீயே முன்கூட்டிச் சொல்லிவை. அவளிடமும் பேசிவிட்டேன், ஒப்புக்கொள்ள மாட்டேன் என்கிறாள்.

அன்புடன்,
சாமிநாதன்