முதலில் உப்பு, பிறகு யுரேனியம்

அன்பு மகளுக்கு,

கல்பாக்கத்தில், உருகிய உப்பில் யுரேனியத்தைக் கரைத்து மின்சாரத்தால் உலோகமாகப் படியவைக்கும் ஆய்வில் உன்னைச் சேர்த்துக்கொண்டது பெரிய சந்தோஷம். "உப்பைக் காயவைப்பதிலேயே நாள் போகிறது, யுரேனியத்தை எப்போதம்மா தொடுவது" என்று கேட்டிருக்கிறாய். அவசரப்படாதே. இந்தத் துறையில் வீணாகும் சோதனைகளில் பல, யுரேனியம் உள்ளே போவதற்கு முன்பே கெட்டுப்போனவை.

உன் உப்பு இரண்டு உப்புகளின் கலவை. லித்தியம் குளோரைடு தனியாக உருக 600 டிகிரி செல்சியஸுக்கு மேல் வேண்டும், பொட்டாசியம் குளோரைடுக்கு 770. மோல் கணக்கில் 58.5க்கு 41.5 என்று கலந்தால் ஏறக்குறைய 355 டிகிரியிலேயே உருகிவிடும். 200 கிராம் கலவைக்கு லித்தியம் குளோரைடு 89 கிராம், பொட்டாசியம் குளோரைடு 111 கிராம். காற்றின் ஈரப்பதம் 11 சதவீதத்தைத் தாண்டினாலே லித்தியம் குளோரைடு நீரை இழுத்துக் கசியத் தொடங்கும். கடலோரக் காற்றில் கேட்கவே வேண்டாம். எடை போடுவதையும் ஆர்கான் பெட்டிக்குள்ளேயே, அதாவது ஆர்கான் வாயு நிரப்பி, கையுறை வழியாக வேலை செய்யும் மூடிய பெட்டிக்குள்ளேயே வைத்துக்கொள்.

ஈர உப்பை நேராக 500 டிகிரிக்கு ஏற்றினால் எல்லா நீரும் ஆவியாகிப் போய்விடாது. ஒரு பங்கு உப்போடு வினைபுரியும். ஹைட்ரஜன் குளோரைடு வெளியே போகும், ஹைட்ராக்சைடு உள்ளே தங்கும். பிறகு எவ்வளவு நேரம் வெற்றிடத்தில் வைத்தாலும் அது போகாது. அதனால் வெற்றிடத்தில் 100 டிகிரி, 200, 300 என்று படிப்படியாக ஏற்று. ஒவ்வொரு படியிலும் அழுத்தமானி இறங்கி நிலைக்கும்வரை காத்திரு, கடிகாரத்தை நம்பாதே. உருகிய பின் ஹைட்ரஜன் குளோரைடோ குளோரினோ குமிழவிட்டு மிச்ச ஆக்சைடை எடுத்துவிட்டு, கரைந்திருக்கும் வாயு போக ஆர்கானை ஓடவிடு. இதை விட்டால், நீ போடும் யுரேனியத்தில் ஒரு பங்கு ஆக்சைடாக அடியில் கரும்பொடியாய்ப் படியும். கரைசலின் செறிவு குறைந்துகொண்டே போகும், உன் கணக்கு எதுவும் ஒத்துவராது.

யுரேனியம் போடுவதற்கு முன் வெற்று உப்பில் ஒரு சைக்ளிக் வோல்டாமெட்ரி (மின்னழுத்தத்தைச் சீரான வேகத்தில் ஏற்றி இறக்கி மின்னோட்டத்தை வரைவது) கட்டாயம் எடு. லித்தியம் படியும் முனைவரை கோடு தட்டையாக இருக்க வேண்டும். நடுவே சின்ன மேடு தெரிந்தாலும் மேலே போகாதே.

யுரேனியம் உலோகத்தோடு காட்மியம் குளோரைடைச் சேர்த்தால் யுரேனியம் டிரைகுளோரைடு கிடைக்கும், உப்பு ஊதா நிறமாகும். பிரிந்த காட்மியம் 321 டிகிரியிலேயே உருகுவதால் அடியில் திரவமாக நிற்கும். கொஞ்சம் ஆவியாகி, உலையின் குளிர்ந்த மேல்பகுதியில் படியும். எலெக்ட்ரோடு இணைப்புகளை அடிக்கடி துடைத்துப் பார்.

புதிதாக வருகிறவர்கள் பரவல் குணகத்தில்தான், அதாவது கரைந்த யுரேனியம் உப்பில் எவ்வளவு வேகமாகப் பரவுகிறது என்ற கணக்கில்தான், சறுக்குவார்கள். வளைவரையின் உச்ச மின்னோட்டத்திலிருந்து அதைக் கணக்கிட இரண்டு சமன்பாடுகள் உண்டு. யுரேனியம் உலோகமாகப் படியும் வினைக்கு ராண்டில்ஸ்–செவ்சிக் சமன்பாடு பொருந்தாது, பெர்சின்ஸ்–டெலஹே எடுத்துக்கொள். முன்னதில் வரும் மாறிலி 0.446, பின்னதில் 0.61. பின்னதுக்குப் பதில் முன்னதைப் போட்டால் விடை கிட்டத்தட்ட 1.9 மடங்காகிவிடும். எலெக்ட்ரோடாக இருக்கும் டங்ஸ்டன் கம்பி எவ்வளவு ஆழம் மூழ்கியிருக்கிறது என்பதையும் கண்ணால் முடிவு செய்யாதே, உப்பு கம்பியில் மேலேறி ஒட்டும். கம்பியை 2 மில்லிமீட்டர் வீதம் இறக்கி, ஒவ்வொரு ஆழத்திலும் உச்ச மின்னோட்டத்தைக் குறி. ஆழத்துக்கு எதிராக வரைந்த கோட்டின் சரிவை எடுத்தால் அந்தப் பிழை விலகிவிடும்.

புளுட்டோனியம் பெட்டிக்குப் போகும்போது ஒரு முரண்பாட்டைச் சந்திப்பாய். ஈரம் புகாமலிருக்க ஆர்கான் பெட்டியை வெளிக்காற்றைவிடக் கூடுதல் அழுத்தத்தில் வைப்பார்கள். புளுட்டோனியம் போல ஆல்ஃபா கதிர் வீசும் பொருளைக் கையாளும் ஆல்ஃபா பெட்டியையோ குறைந்த அழுத்தத்தில்தான் வைக்க வேண்டும். ஓட்டை விழுந்தால் தூசி வெளியே வரக்கூடாது. ஆகவே அங்கே ஒவ்வொரு கசிவும் ஆக்சிஜனை உள்ளே இழுக்கும். கையுறையைத் தினமும் விரல் இடுக்குவரை பார். டங்ஸ்டன் கம்பியின் வெட்டுமுனையை உரசி மழுக்கிய பிறகே உள்ளே அனுப்பு. ஆல்ஃபா வேலையில் நான் மிகவும் பயப்படுவது கையுறையைத் தாண்டித் தோலில் குத்தும் முனைக்குத்தான்.

உப்பு உறைந்ததும் வேலை முடிந்தது என்றும் எண்ணாதே. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வகத்தில் 1965 முதல் 1969 வரை ஓடிய உருகிய உப்பு உலையின் ஃப்ளோரைடு எரிபொருளைத் தொட்டிகளில் உறையவைத்திருந்தார்கள். குளிர்ந்த உப்பிலிருந்து கதிர்வீச்சு ஃப்ளோரினைப் பிரித்தது, அது யுரேனியத்தை ஹெக்ஸாஃப்ளோரைடாக்கியது. 1994இல் அந்த வாயு குழாய்கள் வழியாக, கழிவு வாயுவை வடிகட்டும் கரிப்படுகைவரை போய்ச் சேர்ந்திருந்ததைக் கண்டுபிடித்தார்கள்.

நீ உப்பை உருக்கும் அலுமினா மூசையில் நடப்பது இதைவிட எளிமையானது. உலையை அணைக்கும் முன் எலெக்ட்ரோடுகளையும் வெப்பநிலை அளக்கும் தெர்மோகப்பிளையும் உப்புக்கு மேலே தூக்கிவிடு. உறையும் உப்பு பிடித்துக்கொண்டால் அவற்றின் மேலுறை முறியும். மறுபடி சூடாக்கும்போது மேல்பகுதி முதலில் உருகட்டும். அடி உருகி மேலே மூடி போல உறைந்த உப்பு நின்றால், விரிவதற்கு இடமில்லாமல் மூசை வெடிக்கும்.

வெற்று உப்பின் வளைவரை வந்ததும் எனக்கு அனுப்பு. வெப்பநிலையையும் ஸ்கேன் வேகத்தையும் ஓரத்தில் எழுதிவிடு.

அன்புடன்,
அம்மா